ஹெல்மெட் கழற்றாத மெயில்காரப் பெண்

போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட் அலுவலகத்தில் நான் கிராணி, கணக்கும் கடிதமும் பார்ப்பவன். அன்று மின்னஞ்சல்கள் தேங்கி நின்றன. குடியிருப்புத் தண்ணீரின் பரிசோதனை முடிவும் அதில் சிக்கியிருந்தது. அதைச் சரிசெய்ய செனாவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பெண், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் திரையிடம் மெல்லப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்.

“என்னம்மா கோளாறு?”

“ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர், ஸ்பேம் பார்க்கிற புரோகிராமுக்குப் புதுசா கனெக்‌ஷன் போடுது அண்ணே. அதான் லேட்டு. இனிமே ஒரே கனெக்‌ஷனையே வெச்சுக்கும்.”

“ஒரு மெயிலோட இன்னொன்னு கலந்துடாதா?”

“முந்தின மெயில மறந்துரும் லா. கனெக்‌ஷன் மட்டும் இருக்கும்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. அதற்குள் முடிவு வந்துவிட்டது: குடிக்கக் கூடாது. நான் ஓடிப்போய்க் குடியிருப்புக்குப் போகும் தண்ணீரை அடைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் போயிருந்தார்.

மறந்த பிறகும் இணைப்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று எதைத் தடுத்தார் என்பது அவருக்கும் தெரியாது.