பெரட்டுக் களத்தில் ஒரு மருத்துவ முகாம்

தொண்டு செய்ய வருகிறவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் கோபப்படுகிறேன். அவர்களோடு கூடப் போனவள் என்பதால் என் மேலும் கோபப்படுகிறேன்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. பூனாகலைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்றில் பிறந்தவள். விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்து வரும் ஒரு தொண்டு அமைப்போடு மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போவேன். வருகிற டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்துப் பெண்களுக்குக் கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்வது என் வேலை.

ஒரு முறை போனது தெமோதரைக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்ட டிவிஷனுக்கு. வேன் நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். மருந்துப் பெட்டியை ஒருவர் தூக்கினார், பேனரை இரண்டு பேர் தூக்கினார்கள். நான் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

முகாமை எங்கே வைப்பது என்று கேட்டபோது, தோட்டத்து வேலையைக் கணக்கெடுக்கும் கணக்குப்பிள்ளை பெரட்டுக் களத்தைக் காட்டினார். கூரை இருக்கிறது, மேசை இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த இடம். நல்ல இடம் என்றார்கள் எங்கள் ஆட்கள். நானும் தலையாட்டினேன்.

பெரட்டுக் களம் என்றால் என்னவென்று கொழும்புக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! விடிந்ததும் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிற்கிற இடம் அது. பெயர் கூப்பிடுவார்கள், இன்னார் இன்ன மலைக்கு என்று பிரிப்பார்கள், நேற்றைய கொழுந்து மோசம் என்று திட்டுவார்கள். அங்கே நின்று யாரும் தன் கதையைச் சொல்வதில்லை. எதற்கும் ‘ஆமாங்க’, அதோடு சரி. என் அம்மா ஆயுசு முழுக்க அப்படி நின்றவள். அவள் பெற்ற மகளான நான்தான் தலையாட்டினேன்.

பெண்கள் குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். அவர்களை வேலை வாங்கும் கங்காணி முன்னால் நின்றார். கணக்குப்பிள்ளை டாக்டரின் மேசையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்கு என்ன நோய் என்று கொப்பியில் எழுத ஆரம்பித்தார். பதிவுக்கு உதவி செய்கிறாராம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பது இதுதான். நோய்க்காரி என்று அந்தக் கொப்பியில் ஏறிவிட்டால் நாளைக்கு வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் அந்தப் பெண்களுக்கு. மறைவுக்கு ஒரு திரை கட்டக்கூட நாங்கள் மறந்திருந்தோம். பேனர் கட்ட மறக்கவில்லை.

ஒரு அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். டாக்டரம்மா கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

“எங்கயாச்சும் வலி, கட்டி ஏதாச்சும் இருக்காக்கா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்தார்.

“ஒன்னுமில்லீங்க டீச்சர்.”

“அப்ப நல்லாத்தான் இருக்கீங்க?”

“ஆமாங்க.”

சுகமாக இருக்கிறாராம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். விட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். அவர் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த டிவிஷனில் பாரதூரமான நோய் எதுவும் இல்லை என்று அமைப்பின் அறிக்கை வந்தது. வழவழப்பான தாளில், படத்தோடு.

சில மாதம் கழித்து மறுபடியும் போனோம். அப்போது பெரட்டுக் களம் முழுக்க உர மூட்டை அடுக்கியிருந்ததால், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் முகாம் நடந்தது. எங்கள் புத்தியால் நடந்ததல்ல, உர மூட்டையின் புண்ணியம். அங்கே ஆண்கள் நுழைவது வழக்கமில்லை. கங்காணி வாசலோடு நின்றுவிட்டார், கணக்குப்பிள்ளை வரவேயில்லை. பெண்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். பிறகு பேசினார்கள் பாருங்கள், என்னால் மொழிபெயர்த்து மாளவில்லை. முதுகுவலி, நின்றுபோன தீட்டு, நிற்காத தீட்டு, புருஷன் அடித்த காது.

அந்த அக்காவும் வந்தார். என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தார். கல்லு மாதிரி இருந்தது.

“எத்தன நாளாக்கா இது?”

“தைப்பொங்கலுக்கு முந்தியே இருந்துச்சுங்க.”

முதல் முகாம் மாசியில் நடந்தது.

“அன்னைக்கு நான் கேட்டேனே, ஏங்க சொல்லல?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “பெரட்டுல வச்சு எப்புடிங்க டீச்சர் சொல்றது?”

அந்த வாரம் வகுப்பில் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டி, விளங்குதா என்று கேட்டேன். “ஆமாங்க டீச்சர்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒருத்திக்கும் ஒருத்தனுக்கும் விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வரிசையில் நிறுத்தி, தலையாட்டப் பழக்கி, நானும் இன்னொரு பெரட்டுத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். சோக்கட்டியை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அந்த அக்காவை நான்தான் கூட்டிப்போனேன். சோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர் நல்ல மனிதர். நோய் கக்கம்வரை பரவிவிட்டது, ஆப்பரேஷனோடு முடியாது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தாங்கமாட்டாமல், இவ்வளவு நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அந்த அக்காவிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அந்த அக்கா கட்டிலிலிருந்து இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் முன்னால் கட்டி, தலையைக் குனிந்து நின்றார்.

“ஆமாங்க, என் தப்புதாங்க. மன்னிச்சுக்கங்க.”

டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

“மாசியிலேயே இவரிடம் கேட்டுவிட்டோம், டாக்டர்” என்றேன். “நான்தான் கேட்டேன். சுகமாக இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனோம்.”