எழுபது தரக் காசுகளும் நைனா பாயின் வலது கையும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து நைனா பாயின் மகள் போன் செய்தாள். "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க" என்றாள். அழவில்லை. ஃபஜர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், டீ கொண்டுபோய் வைத்தபோது தலை சாய்ந்திருந்தாராம். நெஞ்சைப் பிடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அடியும் வெட்டும் ரத்தமுமாக நான் அறிந்திருந்த மனிதருக்கு இத்தனை சத்தமில்லாத சாவு. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

நம் நாணயச் சங்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. நைனா முகமது பதினான்கு வருடம் சிங்கப்பூரில் பணம் மாற்றும் கடையில் வேலை பார்த்தவர். காசுத் தொழிலை அங்கேயே கற்றுக்கொண்டு வந்து தஞ்சாவூர் கீழவாசலில் கடை போட்டார். பாபநாசத்துக்கு வடக்கே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த நான், ஆற்றில் தண்ணீர் வராத இரண்டு வருடங்களுக்குப் பிறகு அவரோடு கூட்டுச் சேர்ந்தேன். பெயர்ப்பலகையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஜனங்கள் அந்தப் பெயரை நம்பித்தான் படியேறினார்கள்.

எங்கள் சரக்கு பழங்காசு அல்ல. வெளிநாடுகளில் வருடா வருடம் புதிதாக அடிக்கிற வெள்ளிக் காசுகள். அவற்றைத் தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினால் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஒட்டி, மேலே ஓர் எண் போட்டுத் தருவார்கள். எழுபது என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாதது. அறுபத்தொன்பது என்றால் ஒரு துளி குறைந்தது. இரண்டும் அதே வெள்ளி, அதே எடை, அதே வருடம். ஆனால் அறுபத்தொன்பதின் விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம் என்றால், எழுபதின் விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம். வருகிறவர்களிடம் நைனா பாய் இதை மறைத்ததில்லை. "வெள்ளி விலை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. அதுக்கு மேல குடுக்கறதெல்லாம் ஒரு நம்பருக்குக் குடுக்கறது. அந்த நம்பர் நாளைக்கும் இதே விலை போகும்னு நான் சொல்ல மாட்டேன்" என்பார். என்னிடம் தனியாக இன்னொன்று சொல்லியிருந்தார். "கூலிக்குப் போய்ச் சம்பாதிச்ச காசுக்கு எழுபது விக்காதீங்க கோவிந்து. ஆசைக்கு வாங்கறவனுக்கு மட்டும் குடுங்க."

கும்பகோணத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த நாணயக் கண்காட்சியை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். வெளியூர் வியாபாரி ஒருவன் மட்டமான காசுகளை எழுபது பெட்டிகளுக்குள் மாற்றி அடைத்துக் கொண்டுவந்திருந்தான். நைனா பாய் சத்தம் போடவில்லை. ஒரு பெட்டியைப் பணம் கொடுத்து வாங்கினார். பந்தல்காரரிடம் சுத்தியல் கேட்டு வாங்கி, தரையில் வைத்து ஒரே அடியில் உடைத்தார். காசை எடுத்து அதன் கீறலைக் கூட்டத்துக்குக் காட்டினார். இரண்டாவது பெட்டிக்குக் கை நீட்டியபோது அந்த வியாபாரியின் ஆட்கள் மூன்று பேர் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நாங்கள் இழுத்து எடுப்பதற்குள் முன்பற்கள் இரண்டு போய்விட்டன. கைக்குட்டையில் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தவர், உடைந்த பெட்டியை ஒவ்வொரு மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

இனி சொல்லப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவருடைய மனைவிக்கு ஆபரேஷன் நடந்த வருடம், வாரத்தில் பாதி நாள் அவர் நாகப்பட்டினத்தில் இருந்தார். கடையில் நான் தனி. ஒருநாள் குவைத்திலிருந்து போன் வந்தது. பெயர் தங்கராசு, ஊர் திருவாரூர் பக்கம், கிரேன் ஓட்டுகிறவர். "நைனா பாய்ங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான், "ஆமா, சொல்லுங்க" என்றேன்.

அடுத்த முறையிலிருந்து என் செல்போனில் கூப்பிடச் சொன்னேன். அந்த ஒரு பதிலில் மூன்று வருடம் ஓடியது. மகளுடைய கல்யாணத்துக்குச் சேர்ப்பதாக அவர் சொன்னார். நகையைவிட எழுபது வேகமாக ஏறும், இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும் என்று நான் சொன்னேன். அவர் சம்பளத்தை அனுப்பினார். நான் பெட்டிகளை அவர் மனைவிக்குப் பார்சலில் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் போனை வைக்கும்முன், "உங்கள நம்பித்தான் பாய்" என்பார். அந்த 'பாய்' என்னைக் குத்தவில்லை என்பதுதான் இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

பிறகு விலை சரிந்தது. ஆரம்பத்தில் தரம் பார்க்க அனுப்பியவர்கள் கொஞ்சம் பேர், அதனால் எழுபதும் அபூர்வமாக இருந்தது. அந்த விலையைப் பார்த்து எல்லோரும் தங்கள் காசுகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். புது மெஷினில் அடித்த காசுக்கு எழுபது வாங்குவது பெரிய காரியமாக இல்லை. எழுபது பெட்டிகள் மலிந்துபோயின. கடைக்காரர்கள் வெள்ளி எடைக்குத்தான் எடுப்போம் என்றார்கள்.

பார்சல் ரசீதுகளைப் பார்த்து நைனா பாய் கண்டுபிடித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் பெயரில் பேசியதையும். கன்னத்தில் விழுந்த அறையில் மேஜையின் கண்ணாடியோடு போய் மோதினேன். என் புருவம் கிழிந்தது. அதுவரை என்னை 'நீங்க' என்று பேசியவர், "என் வாயால நீ பொய் சொல்லியிருக்க" என்றார். அதன்பிறகு கடைசிவரை 'நீ'தான். "அவன் ஊருக்கு வந்ததும் நேர்ல போய் நீயே சொல்லணும்" என்றார். சரி என்றேன். தங்கராசு ஊருக்கு வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. போகவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று பத்து நாள் கடத்தினேன்.

பதினோராம் நாள், முற்பகல். நான் பின்னறையில் காசுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். கையில் அரிவாளோடு ஒருவன். சென்னைவரை போய்க் கடை கடையாக ஏறி, எல்லோரும் வெள்ளி விலை சொன்ன பிறகு, நேராக எங்களிடம் வந்திருந்தான்.

"நீதான நைனா?"

"நான்தான்."

"போன்ல பேசி வித்தது நீதான?"

நைனா பாய் பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என் பேரச் சொல்லித்தான் வித்தது. அதனால நான்தான்" என்றார்.

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியே ஓடவில்லை, கத்தவில்லை. உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஈர மட்டையைப் பிளப்பது போல ஒரு சத்தம், பிறகு அவருடைய அலறல். தலைக்கு வந்ததைக் கையால் தடுத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். வலது கையின் மூன்று விரல்கள் பெட்டிகளுக்கும் கண்ணாடிச் சில்லுகளுக்கும் நடுவில் கிடந்தன. தங்கராசு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஓடப் பார்க்கவில்லை. கூட்டம் அவனை அடித்த அடியில் ஒரு காது கிழிந்து தொங்கியது. ரத்தம் போய்க்கொண்டிருந்த நிலையிலும் நைனா பாய், "விடுங்க, செத்துடப் போறான்" என்று முனகினார்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் நான் அழுதேன். எனக்காகவா என்று கேட்டேன். "உனக்காக இல்ல" என்றார். "உன்னப் பாத்திருந்தா கழுத்துல போட்டிருப்பான். கொலக்கேஸ் ஆயிருக்கும். அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ள."

நான்காம் நாள், கட்டுப்போட்ட கையோடு அடையாளம் காட்டக் காவல் நிலையத்துக்குப் போனோம். தங்கராசுவின் பாதங்கள் வீங்கி, தோல் உரிந்திருந்தன. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். நைனா பாய் அங்கிருந்த அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னார்: "என் கைய வெட்டினதுக்கு நான் சாட்சி சொல்றேன் சார். இவன் கால அடிச்சதுக்கும் நானே சாட்சி சொல்ற மாதிரி வெச்சிடாதீங்க." அதற்குப் பிறகு அவன்மேல் கை விழவில்லை என்று கேள்விப்பட்டேன்.

என் நிலத்தை விற்க வைத்தார். தங்கராசு கொடுத்த அத்தனையும் அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றார். "நீயே கொண்டுபோய்க் குடு. நீதான்னு சொல்லு." எனக்குத் துணிச்சல் இல்லை. கடைசியில் அவரே போனார், நான் தெருமுனையில் நின்றேன். தங்கராசுவின் மனைவி வாசலுக்கு வந்தாள். இவர் யாரென்று தெரிந்ததும் எழுபது பெட்டிகளை அள்ளி ஒவ்வொன்றாக அவர் முகத்தில் எறிந்தாள். பெட்டியின் முனை பட்டு நெற்றியில் ரத்தம் வழிந்தது. அவர் நகரவில்லை. எறிந்து முடித்து அவள் உட்கார்ந்து அழுத பிறகு, பணப்பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சிதறிய பெட்டிகளை இடது கையால் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், "ஏமாற்றி விற்றது நீங்கள்தானே?" என்று கேட்டார். "ஏமாத்தித்தான் வித்தது. எங்க கடைதான்" என்றார் நைனா பாய். "வெட்டினது தப்பு. அதுக்கு முன்னாடி நடந்ததும் தப்பு." நான் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். எழுந்திருக்க முடியும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. எழவில்லை. தங்கராசுவுக்கு ஐந்து வருடம் கிடைத்தது. தஞ்சாவூரில் நைனா பாய்க்கு ஏமாற்றுக்காரன் என்ற பெயர் கிடைத்தது. நம் சங்கத்திலேயே சிலர் அவருக்கு ஸலாம் சொல்வதை நிறுத்தினார்கள். அவர் ஒருவரையும் திருத்தவில்லை. கொஞ்ச நாளில் கடையை என்னிடம் விட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்கே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம் செய்யும் மையவாடியில், அவர் உடல் இருந்த சந்தூக்கைத் தூக்கி வந்தவர்களுக்குள் ஒரு காது கோணலான ஆள் இருந்தார். தங்கராசு. மூன்று பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்ததும் என் பக்கத்தில் நின்றார்.

"நீங்க அவரோட கூட்டாளிதான?"

"ஆமா."

"போன்ல கேட்ட குரல் அவருது இல்லீங்க. கோர்ட்ல அவர் பேசறப்பவே தெரிஞ்சுபோச்சு. வெளிய வந்ததும் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாரு. வருஷா வருஷம் பெருநாளைக்குப் போவேன், கேப்பேன். சோறு போடுவாரே தவிர சொல்ல மாட்டாரு."

"அந்தக் குரல் என்னுது" என்றேன்.

அவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து நான் சுவரில் சாய்ந்தபோது இரண்டாவதும் விழுந்தது. நாலு பேர் ஓடிவந்து அவரைப் பிடித்தார்கள். விடுங்கள் என்றேன். மூன்றாவது அடிக்குக் காத்திருந்தேன். அவர் கையை இறக்கிவிட்டார்.

"அவர மண்ணுக்குள்ள வெச்சிட்டு வந்து சொல்றியே" என்றார். "அவர் சொல்லித்தான் யாரோ பேசுனாங்களோன்னு இத்தன நாளும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா, அவர் கைய ஒரு தடவ பிடிச்சிட்டாவது வந்திருப்பனே."

உதட்டில் தையலோடுதான் இதை எழுதுகிறேன்.

நைனா பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி சங்கத்திலிருந்து கேட்டார்கள். அவரை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தபடி இதைப் படிக்கிறவர்களுக்கு நான் எழுதித் தரக்கூடியது இதுதான்: விற்றது நான், பொய் சொன்னது நான், கதவைத் தாழிட்டது நான். அவர் பொருள் எதையும் நான் கேட்கவில்லை, அவர் மகள் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தகுதி இல்லை. இத்தனை வருடம் அவர் சுமந்த பழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது முதலிலிருந்தே என்னுடையது.