தோற்பதற்குச் சம்பளம்

ரங்கூனில் ஒரு டென்னிஸ் கிளப்பில் நான் பார்த்த வேலைக்கு மார்க்கர் என்று பெயர். ஆட வந்த உறுப்பினருக்கு ஜோடி கிடைக்காவிட்டால் நெட்டுக்கு அந்தப் பக்கம் நான் போய் நிற்க வேண்டும். அவர் மனம் குளிர ஆடித் தோற்க வேண்டும். எண்பத்தெட்டில் நாட்டில் கலவரம் வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கிளப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "வீட்ல தனியா கெடந்து என்னத்தக் கிழிக்கப் போற, வா" என்று இழுத்துப் போனாள். பந்து பொறுக்கினேன். பள்ளி திறந்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. ஆண் மார்க்கர்களோடு ஆடக் கூச்சப்பட்ட பெண்களுக்கு நான் வசதியாகப் போய்விட்டேன்.

தோற்பது லேசு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறு-பூஜ்யம் என்று தோற்றால் அந்த அம்மாளுக்கே சந்தேகம் வந்துவிடும். ஆறு-நாலு, ஏழு-ஐந்து என்றுதான் தோற்க வேண்டும். ராக்கெட் எங்கே இருக்கிறதோ அங்கே, இடுப்பு உயரத்தில், பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முக்கியமான புள்ளியில் மூச்சு வாங்க ஓடிப்போய் நெட்டில் அடிக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, ராக்கெட்டில் நரம்பு தளர்ந்துவிட்டது, வெயில் கண்ணைக் குத்துகிறது என்ற புலம்பலையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பதினைந்து வருஷத்தில் ஒரு செட்கூட நான் ஜெயித்ததில்லை. அந்த அரிப்பு வீட்டுக்கு வந்தும் அடங்காது. வெங்காயத்தைக்கூட ஓங்கி ஓங்கித்தான் வெட்டுவேன். "யாரு மேலடி கோவம்?" என்பார் வீட்டுக்காரர். யார் மேல் என்று சொல்வது?

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு டிசம்பரில் ரஷ்யாக்காரி ஒருத்தி வந்தாள். எங்கள் கிளப்பு உறுப்பினர் ஒருவரின் தங்கை. அக்கா புருஷனுக்கு ரங்கூனில் கம்பெனி வேலை. தங்கையோ பத்து வருஷமாக ஊர் ஊராகப் போய் ஆடிச் சம்பாதிக்கிறவள். ஒரு காலத்தில் பெரிய பெரிய போட்டிகளில் பேர் வந்தவள் என்றார்கள். தோளில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கிறாள். வயது என்னைவிட ஒன்று குறைச்சல். எனக்கு அவளைப் பார்க்கவே ஆசையாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

முதல் நாளே அக்காக்காரி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். பர்மிய பாஷை சுமாராகப் பேசுவாள். "ஞீமா," என்று என்னைக் கூப்பிட்டாள்; தங்கச்சி என்று அர்த்தம். "என் தங்கச்சி வீட்ல எந்நேரமும் அழுதுகிட்டே இருக்கா. அவ கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும். ஒனக்குச் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். என் தொழிலே அதுதானே.

அவள் பேக்ஹேண்ட் அடித்தால், அடி ஆத்தீ, பந்து போன பிறகுதான் சத்தம் வரும். அந்த மாதிரிப் பந்தை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் செர்வ் போடும்போது தோள் மேலே போகாமல் பாதியில் நின்றுவிடும். இரண்டாவது செர்வ் மெத்தென்று வந்து, அடி அடி என்று எனக்கு முன்னால் உட்காரும். எட்டி ஒரு மூலையில் போட்டேன் என்றால் முடிந்தது. நான் போடவில்லை. திணறுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவள் கைக்கே திருப்பினேன். செட்டுக்கு ஒன்றிரண்டை நெட்டில் அடித்தேன். மூன்று வாரம் தினமும் காலையில் ஆறு-நாலு, ஆறு-மூன்று என்று தோற்றேன். அவ்வளவு ஆடினவள் எப்படிக் கண்டுபிடிக்காமல் போனாள் என்று கேட்கலாம். நம்ப ஆசைப்படுகிறவளை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம்.

நாளுக்கு நாள் முகம் தெளிந்தது. தெருவோரக் கடையில் என்னோடு உட்கார்ந்து, மீன்குழம்பு ஊற்றின சேமியா, மோஹிங்கா சாப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. இருந்தும் பேசிக்கொண்டோம். ஒரு புதன்கிழமை, கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, தோளைத் தட்டிக் காட்டிச் சொன்னாள்: "சரியாயிருச்சு. ஆஸ்திரேலியா போறேன்."

ஆஸ்திரேலியாவில் ஜனவரியில் பெரிய போட்டி. அதில் நுழைவதற்கான தகுதிச் சுற்றில் ஆடப் போகிறாளாம். ஆனால் அவள் ஊரில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் நிலையான வேலை ஒன்று காத்திருந்ததாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். "நாளைக்கு வேணாம்னு சொல்லிருவேன்," என்று சிரித்தாள்.

என்னுடைய பொய்த் தோல்விகளை நம்பி ஒருத்தி கையில் இருக்கிற சோற்றைத் தட்டிவிடப் போகிறாள்!

பசுந்தாங் பேட்டையில் நாலாவது மாடியில் எங்கள் வீடு. அன்று சாயங்காலம் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் லைங் தாயா தையல் ஃபாக்டரிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

"நமக்கெதுக்குடி வம்பு?" என்றார். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அவ அக்கா சொல்லித்தான செஞ்ச?"

"தோளு அக்காவோடதா?"

"கிளப்புல தெரிஞ்சா ஒன்ன வெளிய அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும்ய்யா. பதினஞ்சு வருஷமா தோத்துத் தோத்து எனக்குக் கையே அழுகிப் போச்சு." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அவள் இரண்டாவது செர்வ் போட்டாள். பந்து வந்து உட்கார்ந்தது. ஓங்கி மூலையில் வைத்தேன். அவள் அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும். நாலாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னைக்கு மட்டுமா?"

"எல்லா நாளும் இப்படி அடிச்சிருக்கலாம்," என்றேன். "நீங்க வீட்ல அழுதுகிட்டே இருக்கீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க. நானும்... இது என் வேலை."

ராக்கெட்டைத் தரையில் அடித்தாள். அவள் பாஷையில் என்னென்னவோ திட்டினாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். பிறகு கோர்ட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "பேக்ஹேண்டும் பொய்யா?"

"ஐயோ, இல்ல. அது சத்தியம். அதை என்னால தொடவே முடியல."

தோளைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. எழுந்து, "ஒரு செட். நிஜமா ஆடணும்," என்றாள்.

ஆடினோம். நான் செர்வ் போட்டால் பேக்ஹேண்டில் பிய்த்து எறிந்தாள். அவள் செர்வ் போட்டால் நான் பிய்த்து எறிந்தேன். ஒரு கிளப்பு வேலைக்காரி அடிக்க முடிகிற செர்வை வைத்துக்கொண்டு எந்தச் சீமையில் போய் ஆடுவது? அது அவளுக்கும் ஒவ்வொரு பந்திலும் புரிந்துகொண்டே போனது. ஒரே ஒரு தடவை என் செர்வை நான் எப்படியோ காப்பாற்றிக்கொண்டதில், ஆறு-ஐந்து என்று நான் முன்னால் போய்விட்டேன். செர்வ் அவளுடையது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் செட் எனக்கு.

செர்வைத் திருப்பினேன். அவள் இடது ஓரத்துக்கு ஓடி எடுத்தாள். வலது பக்கம் முழுக்க வெட்டவெளி. பந்து என் முன்னால் மெதுவாக எழும்பியது. அடித்தேன். அது நேராக அவள் ராக்கெட்டுக்குப் போனது. சத்தியமாக நான் அப்படி நினைக்கவில்லை. கை தானாகச் செய்தது.

அவள் அடிக்கவில்லை. பந்தை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் வேலையா?"

"தெரியல," என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நிஜமா தெரியல."

"நீ யாரையும் ஜெயிச்சதே இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் திரும்பிப் போய்க் கோட்டில் நின்றாள். "மறுபடியும்," என்றாள். போட்டாள். நான் நெட்டில் அடித்தேன். அதையும் கணக்கில் சேர்க்கவில்லை. "மறுபடியும்!" என்று கத்தினாள். மூன்றாவது தடவை, இடது ஓரத்துக்கு ஓடி, தோளைப் பற்றி யோசிக்காமல் முழு பலத்தோடு பேக்ஹேண்ட் அடித்தாள். எப்படியோ எட்டிப் பிடித்து, காலியாக இருந்த பக்கத்தில் போட்டேன். அவள் துரத்தினாள். எட்டவில்லை.

நெட்டுக்கு வந்து, கையைப் பாவாடையில் துடைத்து நீட்டினாள். எங்கள் கிளப்பில் மார்க்கருக்கு யாரும் கை கொடுப்பதில்லை. "என் கடைசி மேட்ச்," என்றாள். "நீ ஜெயிச்ச. நான் ஊருக்குப் போன் பண்ணி அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

பத்து வருஷம் நாடு நாடாகப் போய் ஆடினவளின் தொழில், எழுதி வைக்கக்கூட ஆள் இல்லாமல், அங்கே முடிந்தது. நான் துக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் அதற்கு மேலே இன்னொன்று அடிவயிற்றிலிருந்து பொங்கிப் பொங்கி வந்தது. பல்லைக் கடித்தாலும் அடங்கவில்லை. அவள் ராக்கெட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாகப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"சிரி," என்றாள்.