விசிறிக் கல்லுக்கு ஏற்ற பசை

பசையைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை. பெட்டியின் வாயை மடக்கி ஒட்டுகிற மெஷின் பக்கத்தில்தான் நாள் முழுக்க நிற்கிறேன். ஒரு பெட்டி பிரிந்துகொண்டால் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் என் மகள் தன் டான்ஸ் டிரெஸ்ஸைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, "கல்லெல்லாம் வுழுதுப்பா" என்றபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை என்றுதான் கணக்குப் போட்டேன்.

பரதநாட்டிய உடுப்பு அது. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. இடுப்பிலிருந்து முன்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தொங்குமே, அதை விசிறி என்பார்கள். அதன் கரையை ஒட்டி வரிசையாகக் கண்ணாடிக் கல். பிள்ளை முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி விரிந்து கல்லெல்லாம் மின்னும். கற்களை ஒட்டியது என் மனைவி. எந்தப் பசையில் ஒட்டினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, கேட்க வேண்டிய விஷயமாக அது தோன்றியதும் இல்லை. ஆவணி மாதம் அவள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் இட்லி ஊற்றியவள், மத்தியானம் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் அந்த டிரெஸ்ஸைத் தொடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வில்லியனூர்ப் பக்கம் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் அடித்துக் கிடந்தது. பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறியிருக்க வேண்டும். பழைய பசை மஞ்சளாகி, மொறமொறத்துப் போயிருந்தது. விசிறியை விரித்ததும் கற்கள் பொலபொலவென்று கட்டிலில் கொட்டின.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதுவும் வரவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வந்தது, அது அவமானமாக இருந்தது. கருமாதிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தரம் என் தோளைப் பிடித்து, "வாய்வுட்டு அழுதுடுப்பா, உள்ளயே வச்சிக்காத" என்றார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. வருஷம் திரும்பும்வரை எங்கள் பக்கம் அப்படித்தான். இந்த நிலையில் மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றும், தனியாக ஒரு ஆட்டம் ஆடப்போவதாகவும் மகள் வந்து சொன்னாள். ஏழாவது படிக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் அக்கா, குழம்புத் தூக்கோடு வந்தவள், அதைக் கேட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா நீ? பெத்தவ போயி வருசம் திரும்பல, அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குச் சலங்க கட்டி வுடுறியா? ஊருல இன்னா பேசுவாங்க?"

"ஸ்கூல்லதானக்கா."

"ஸ்கூல்னா? அங்க மட்டும் சாவு தெரியாதா?"

தூக்கை வாங்கி உள்ளே வைத்தேன். துணிச்சலாக ஏதோ முடிவெடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது இல்லாததால் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

மகள் அந்த மாதங்களில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நோட்டு வேண்டும் என்பதைக்கூட அத்தையிடம்தான் சொல்வாள். டிரெஸ்ஸைக் கட்டிலில் போட்ட அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இரண்டு விஷயம் கேட்டாள். "கல்லு ஒண்ணுகூட வுழக் கூடாதுப்பா. போன தடவ ஒரு பொண்ணு கால்ல குத்திடுச்சின்னு மிஸ்ஸு ரொம்ப கண்டிப்பா இருக்காங்க. கல்லு ஆடுச்சின்னா மேடையே ஏறக் கூடாதாம்." அப்புறம், "நீ முன்னாடி உக்காந்து பாக்கணும். அம்மா உக்காருமே, அந்த மாதிரி" என்றாள்.

இரண்டாவதற்கு ஷிப்டு மாற்றிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். முதலாவதுதான் வேலை.

மூலக்குளத்து ஹார்டுவேர் கடையில், குச்சிப் பசையை உருக்கிச் சூடாகக் கக்குகிற துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கம்பெனியில் பெட்டி ஒட்டுவதும் இந்த ஜாதிப் பசையில்தான். ஒரே மூச்சில் எல்லாக் கல்லையும் ஒட்டி முடித்தேன். நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. மறுநாள் மகள் கட்டிக்கொண்டு நாலு தரம் அரைமண்டி உட்கார்ந்தாள். கற்கள் அடிப்பசையோடு அப்படியே கழன்று வந்தன, பாதி சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி. அட்டை பசையைக் குடிக்கும், பட்டு குடிக்காது. இத்தனை வருஷம் பெட்டி ஒட்டியவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்து, செருப்புக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் போடுகிற உடனே ஒட்டும் பசை. அது துணியைவிட என் விரல்களைத்தான் முதலில் ஒட்டியது. பிய்த்துக்கொண்டு மேலே ஒட்டினேன். காலையில் பார்த்தால் கற்கள் எல்லாம் மங்கி வெளுத்திருந்தன. கரைத்துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

மகள் ஒரு கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இன்னாப்பா இது, கண்ணுல பூ வுழுந்த மாதிரி இருக்கு?"

அன்றைக்குக் கம்பெனி வாசலில் விரல் வைக்கிற மெஷின் என்னை ஏற்கவில்லை. கட்டைவிரலில் பசை காய்ந்து தோல் மாதிரி படிந்திருந்தது. ப்ளீஸ் ட்ரை அகெய்ன், ப்ளீஸ் ட்ரை அகெய்ன் என்று அந்தப் பொம்பளைக் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. "வேற வெரலு வைண்ணா" என்றார் செக்யூரிட்டி. எல்லா விரலும் அதே கதைதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். டீ நேரத்தில் கண்ணாடி கிளாஸை வெறும் விரலால் பிடித்திருந்தேன், சூடு தெரியவேயில்லை. வசதியாகத்தான் இருந்தது.

வில்லியனூரில் கோயில் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவில், கையில் மஞ்சள் உடுப்போடு போய் நின்றேன். கடைக்காரம்மா ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணி வர்லியாண்ணா?" என்று கேட்டாள். எப்போதும் என் மனைவிதானே வருவாள். "இல்ல" என்றேன். அது பொய்யில்லை. கடைக்காரம்மா மூன்று ட்யூபை எடுத்து வைத்து, "கல்லு ஒட்டன்னா இதுல எதுனா ஒண்ணுதாண்ணா வாங்கிட்டுப் போவாங்க" என்று சொல்லிவிட்டு வளையலுக்குத் திரும்பிவிட்டாள். என் மனைவி எதை வாங்குவாள் என்று கேட்டிருக்கலாம். மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய ஜாக்கெட் துணியில் மூன்றையும் வைத்துச் சோதித்தேன். கம்பெனிப் பழக்கம், வேறு எப்படிச் செய்வது? வெள்ளையாகத் தயிர் மாதிரி இருந்த பசை, காய்ந்ததும் நன்றாகத்தான் பிடித்தது. வியர்வைக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் தெளித்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது பசை கல்லை விடவில்லை, ஆனால் கல்லுக்குப் பின்னால் இருக்கிற வெள்ளிப்பூச்சைத் தின்றுவிட்டது. கல் இருந்தது, மின்னவில்லை. மூன்றாவது கண்ணாடி மாதிரி தெளிவு, தேன் மாதிரி கெட்டி, நாற்றம் மட்டும் தாங்க முடியாது. துணியைக் கசக்கினாலும் கூடவே வளைந்தது. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும், அது ஒன்றுதான் அதில் சிரமம்.

அந்த வாரம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தத் துணியைத்தான் எடுத்துப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் நன்றாக இருந்தது. பசை பிடித்ததா, பிடிக்கவில்லையா? கேட்டால் பதில் கிடைக்கிறது. மற்ற எதற்கும் வீட்டில் அப்படி இல்லை.

பிளேடால் பழைய பசையைச் சுரண்டினேன். பல் குத்துகிற குச்சியால் சொட்டு வைத்து, கல்லை அழுத்தினேன். பசை கல்லின் ஓரத்தில் லேசாகப் பிதுங்கி விளிம்பைப் பிடிக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அசிங்கம். மகள் எதிரில் உட்கார்ந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நடுவில் எழுந்து கையை ஏதோ முத்திரையில் பிடித்துக்கொண்டு, "இது நல்லா இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"இரு, இரு. கட்டில ஆட்டாத, கல்லு நவுந்துடும்" என்றேன்.

அவள் உட்கார்ந்து அடுத்த கல்லை எடுத்துக் கொடுத்தாள்.

விழா சாயங்காலம், பள்ளி மைதானத்தில். ஷிப்டு மாற்றிக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டேன். ஊர் பேசும் என்று சொன்ன அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பூப்பறிக்கிற பெண் ஒருத்தியைப் பற்றிய ஆட்டம் என்று மைக்கில் சொன்னார்கள். மகள் வந்து நின்றாள். முதல் அரைமண்டியில் விசிறி விரிந்தது. ஒரு கல்லும் அசையவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், குதித்தாள், சுழன்றாள். இடது ஓரத்தில் மூன்றாவது கல் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருந்தது, அதை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவள் மண்டிபோட்டுக் குனிந்தாள். விசிறி தரையில் அழுந்தியது. அப்போதும் ஒன்றும் கழலவில்லை. பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா எதற்கும் அழுவாள். கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

வகுப்பறையில் அம்மாக்கள் பிள்ளைகளுக்கு நகை கழற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தாள். கிட்டே போய், "பாத்தியா? ஒரு கல்லு வுழல" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கே அது கேட்டது.

"நான் எப்டி ஆடனேன்?"

"சூப்பரா ஆடன."

"கடைசில இன்னா பண்ணேன் சொல்லு."

"குனிஞ்ச."

"குனிஞ்சி?"

எனக்குத் தெரியவில்லை. "நான் ஒன்னப் பாத்துகிட்டேதான்ப்பா ஆடனேன். நீ ஒரு தடவகூட மேல பாக்கல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

வண்டியில் வரும்போது என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் டிரெஸ்ஸைக் கழற்றி மடித்து வைத்தாள். எண்ணெய் தொட்டு முகத்து மேக்கப்பைத் துடைத்தாள். பள்ளிக்கூட விளையாட்டு பேண்ட்டும் பழைய டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. இப்ப கல்லு இல்ல. என்னப் பாரு."

பாட்டு இல்லாமல், வாய்க்குள் தாளம் சொல்லிக்கொண்டு ஆடினாள். நான் முகத்தைப் பார்த்தேன். நெற்றி ஓரம் அவள் அம்மா மாதிரியே ஒரு சுருள். பூவைப் பறித்தாள். மடியில் கொட்டினாள். நாரில் தொடுத்தாள். மிஸ் சொல்லிக்கொடுத்தது, தொடுத்த பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டு முடிப்பதுதானாம், பிறகு அக்கா சொன்னாள். இவள் தன் தலையில் வைக்கவில்லை. மண்டிபோட்டாள். தரையோடு தரையாகப் படுத்திருக்கிற யாருடைய தலையையோ இடது கையால் மெதுவாகத் தூக்கினாள். அந்தக் கூந்தலில் பூவைச் சொருகினாள். தலையை வலிக்காமல் கீழே வைத்தாள். அப்புறம் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

ஆவணியில் வந்த பெண்கள் எல்லோரும், சுமங்கலியாகப் போனவள் என்று அவளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். சின்னப் பிள்ளை, பயந்துகொள்ளும் என்று இவளை மட்டும் அக்கா வீட்டில் உட்கார வைத்திருந்தோம்.

மகள் எழுந்திருக்கவில்லை. தரையில் கையை வைத்தபடியே, "அன்னிக்கி என்ன வுடல இல்ல" என்றாள்.

நாற்காலியை விட்டு இறங்கி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு வலித்தது. அவள் அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் வலித்தது.