பட்டியலில் இல்லாத சாரதி

வாய்ப் புற்றுநோய் பற்றிய ஓர் ஆய்வில் ஒன்றரை வருடம் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். வெற்றிலை போடுகிறீர்களா, புகையிலை சேர்க்கிறீர்களா, எத்தனை வருடமாக, சாற்றைத் துப்புவீர்களா விழுங்குவீர்களா என்று நீண்டுகொண்டே போகும் படிவம் அது. குழுவில் தமிழில் கேட்டு எழுத நான் ஒருத்திதான் இருந்தேன். அதனால் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களும் முஸ்லிம் கிராமங்களும் என் பங்குக்கு வந்தன. நான் கேட்டு முடித்ததும் பல் டாக்டர் டோர்ச் அடித்து அவர்களின் வாயைப் பார்ப்பார். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்.

எங்கள் வேனின் சாரதி மாத்தளை டவுன் முஸ்லிம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். அவருக்கு நான் தங்கச்சி. வில்கமுவ பாதையில் எங்கே பள்ளம், கலேவெலவில் எந்தக் கடையில் சோறு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கடைக்குள் எங்களோடு வந்து உட்காரமாட்டார். இனிப்புப் பன் போன்ற ஒரு பணிஸை பிளேன்டீயில் தோய்த்து வேனிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து வெற்றிலை போடுவார். டாக்டரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூச்சப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் முகாம் போட்டிருந்தோம். விடிந்ததிலிருந்து மழை. வரவேண்டியவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. டாக்டர் சிங்களத்தில், சும்மா இருப்பதற்கு நம் ஆட்களின் வாயையாவது பார்த்துவிடலாம் என்றார். முதலில் என் வாயையும், பிறகு என்னோடு வந்திருந்த சிங்களப் பெண்ணின் வாயையும் பார்த்தார். நான் குடை பிடித்துக்கொண்டு நானாவைக் கூப்பிட வேனுக்குப் போனேன்.

"எனக்கு ஒண்டும் இல்ல தங்கச்சி. வேன் கண்ணாடி தொடைக்கணும்."

"இந்த மழையிலயா நானா?"

வேறு சாக்குக் கிடைக்காமல் இறங்கி வந்தார். பிள்ளைகளின் குட்டி வாங்கில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக என்றார்.

"இவ்வளவுதான் ஏலும்," என்றார் நானா.

மூன்று விரல் தாராளமாகப் போகவேண்டிய இடத்தில் இரண்டு விரலே முட்டி நின்றது. டாக்டர் கையுறை போட்ட விரலால் கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவினார். தோல் வெளிறி, நார் ஓடினாற்போல இறுகிப்போயிருந்தது. இடது கன்னத்தில், அவர் எப்போதும் வெற்றிலையை அடக்கி வைக்கும் இடத்தில், சிவப்புக் கலந்த ஒரு வெள்ளைப் படை. உறைப்பு எரிகிறதா என்று டாக்டர் கேட்டார். நாலைந்து வருடமாக வாயில் வைக்க முடியவில்லை என்றார் நானா. அந்தப் பணிஸுக்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை பேரின் வாயைத் தேடி மலை ஏறினோம். தினமும் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் அவரைப் பயமுறுத்தவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் சதை வெட்டிச் சோதித்தால்தான் தெரியும், புற்றுநோயாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் விடக்கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார்.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானா என்னிடம் வந்து படிவத்தைக் காட்டினார். "தங்கச்சி, அந்தப் போம எனக்கும் நிரப்புங்களேன்."

வேனில் இருந்தபடியே என் குரலைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் கேள்விகள் மனப்பாடம். நான் வாசிக்கும் முன்பே பதில் வந்தது. தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டிய காலத்தில், தூக்கத்தை விரட்டுவதற்காகத் தொடங்கிய பழக்கம். புகையிலை உண்டு. சாற்றைத் துப்புவார். வீட்டில் வேறு யாராவது போடுகிறார்களா என்ற கேள்வியில்தான் நின்றார்.

"வீட்டுல போடுறாங்க," என்று மனைவியைச் சொன்னார். "கலியாணம் முடிச்சு வந்த நேரம் அவங்களுக்கு அந்தப் பழக்கமே இல்ல. நான்தான் பழக்கினது. இப்பவும் வெத்தில வாங்கிக்கிட்டுப் போய்க் குடுக்கிறது நான்தான்."

படிவத்தில் அதற்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது. 'ஆம்' என்று அடையாளம் போட்டேன்.

அடுத்த கிழமை டவுனில் முகாம். நானா மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முந்தானையை வாயருகே பிடித்தபடி உட்கார்ந்தார் அந்த அம்மா. அவர் வாயில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதை அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அவருக்கு என்ன சொன்னாங்க? எனக்கிட்ட வாய்ப்புண் எண்டுதான் சொன்னாரு."

நான் கதவருகே நின்ற நானாவைப் பார்த்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி. எனக்குச் சொல்ல வருதில்ல."

சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "இதுக்கா ஒரு கிழமையா தூங்காம புரண்டீங்க? என்ன எழுப்பியிருக்கலாந்தானே."

சோதனையில் புற்றுநோய் தொடக்கம் என்று வந்தது. ஆழமாகப் போகவில்லை. கண்டியில் கன்னத்தின் உள்ளே அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். எங்களுக்கு வேறொரு சாரதி வந்தார்.

நானாவின் படிவம் ஆய்வில் சேராது என்று பிறகு தெரிந்தது. ஆய்வுப் பட்டியலில் இருந்தவர்களை வாக்காளர் பெயர் இடாப்பிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்திருந்தார்கள். நமக்குத் தெரிந்தவர்களை இடையில் சேர்த்தால் கணக்கு பிழைத்துவிடும் என்று டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை, இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், தேநீர் கொண்டுவந்தவர், மண்டபம் திறந்துவிட்டவர் என்று அங்கே நின்ற எல்லாருடைய வாயையும் பார்க்காமல் டாக்டர் வேனில் ஏறவில்லை.

போன மாதம் மாத்தளை பஸ் நிலையத்தில் இருவரையும் கண்டேன். நானா இப்போது பாடசாலை வேன் ஓட்டுகிறார். வாய் இன்னும் முழுதாகத் திறப்பதில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துப் பயிற்சி செய்கிறாராம். "போன மாசத்துக்கு ரெண்டு குச்சி கூட," என்றார்.

அவர் பக்கத்துக் கடைக்காரரோடு பேசத் திரும்பியபோது அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"அவருக்குப் பயம், வெத்திலய விட்டுட்டாரு. எனக்கு விட ஏலாம ஈக்கி. சோறு திண்டவுடனே கை தானாத் தேடுது. மூணு மாசத்துல ரெண்டு தரம் போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது."

"ரெண்டு தரம்தானே, பரவாயில்லைங்க," என்றேன்.

நானா எங்களுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் மூன்று தேநீர் போடச் சொன்னார்.