விரல் விழுந்த படம்

அந்தத் தோல் உறையின் பித்தானைக் கழற்றினால் இன்றைக்கும் முதலில் வருவது ஏலக்காய் வாசம்தான். கேமரா ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, உறையின் தையல் பிரிந்துவிட்டது, தோள்வாரையும் மாற்றியாகிவிட்டது. வாசம் மட்டும் விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஏலக்காய் வாசம் ஒரு பொருட்டே இல்லை, எந்தத் தெருவில் நடந்தாலும் மூக்கில் ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரு கேமராவுக்குள் அது எப்படிப் புகுந்தது என்று கேட்பவர்களுக்கு என் சித்தியின் கல்யாணக் கதையையே சொல்லவேண்டியிருக்கிறது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை ராஜேஸ்வரி, வீட்டில் எல்லோருக்கும் ராஜி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவள் எங்களோடு தங்கி, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தொலைபேசி பூத்தில் வேலை பார்த்தாள். சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மாமா, வீட்டு விசேஷங்களுக்கு ஆகட்டும் என்று தன் கேமராவை அவளிடம் விட்டுவிட்டுப் போனார். சித்தியோ விசேஷத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்தாள். விடிகாலையில் மலைக்குப் போகும் ஜீப்புகளில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஏலக்காய்க் கடைக்குள் காய் பொறுக்குகிறவர்களின் கைகள், மழைக்கு ஒதுங்கி நின்று தன் பஸ்சையே யாருடையதோ போலப் பார்க்கும் கண்டக்டர் என்று அவள் கண்ணில் பட்டதெல்லாம் படம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு குரங்கணி பஸ்சில் ஏறிவிடுவாள், காப்பித் தோட்டத்துப் பாதையில் நான் பசிக்கிறது என்று அழும்வரை நடப்போம்.

அன்றைக்கு எங்கள் ஊரில் போட்டோ எடுத்துக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சேலை மாற்றி, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். சித்தி அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தாள். அப்படி விறைத்து நிற்பவர்களிடம் "முடிஞ்சிருச்சு" என்பாள். அவர்கள் மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, மூக்கைச் சொறியும்போதுதான் உண்மையில் பொத்தானை அழுத்துவாள். பிரிண்டு வந்ததும் தெருவில் சண்டை நடக்கும். கொட்டாவி விடும்போது அகப்பட்டுக்கொண்ட பூக்காரம்மா, இதையெல்லாமா கொண்டுவந்து காட்டுவாய் என்று வைதுவிட்டு, படத்தை மட்டும் பத்திரமாகப் பூக்கூடைக்குள் வைத்துக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பிலிம்ம வீணாக்குறதுக்குன்னே பொறந்திருக்கா" என்பது அம்மாவின் நிரந்தரத் தீர்ப்பு.

சித்திக்கு ஏற்கெனவே ஒரு வரன் வந்து முறிந்திருந்தது. ஸ்டூடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடியோடு நிறுத்தி எடுத்த படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் வந்தவர்கள், வீட்டில் கேமராவைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஊர் சுற்றுவதும் படம் பிடிப்பதும் ஆகாது என்றார்கள். சித்தி முடியாது என்று சொல்லிவிட்டாள், அம்மா அவளோடு வெகுநாள் பேசவில்லை. இந்த முறை தேவாரம் என்ற ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். விவசாயக் குடும்பம், மாப்பிள்ளை கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பெண்ணின் படம் அனுப்பச் சொன்னார்கள். அம்மா ஸ்டூடியோவுக்குச் சேலை எடுத்து வைக்க, சித்தி அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அந்தத் தெரைக்கு முன்னாடி நிக்கிறது நான் இல்லக்கா. என்னய நானாவே பாத்துட்டு, அதுக்கப்புறம் சரிங்கிறவுக வரட்டும்" என்றாள்.

அப்பாதான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். அம்மாவின் அக்கா குடும்பம் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தது, காய் எடுக்கிற சமயத்தில் நாங்கள் அங்கே போவது வழக்கம். அங்கே வைத்து அவள் விரும்புகிறபடி ஒரு படம் எடுக்கட்டும், நன்றாக வந்தால் அதையே அனுப்பலாம், வராவிட்டால் மறுபேச்சில்லாமல் ஸ்டூடியோ. யார் எடுப்பது என்று அம்மா கேட்டபோது சித்தி என்னைக் காட்டினாள்.

ஜீப்பு வளைவுகளில் ஏற ஏறக் கீழே போடி சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் மேகம் வந்து அதையும் துடைத்துவிட்டது. தோட்டத்தில் விடாத தூறல். சித்தி மலைப் பெண்களைப் போல, பெரியப்பாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டாள். வெளியே வரும்போது காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது, பெரியம்மா உப்போடு ஓடிவந்தாள். அந்தக் கோலத்திலேயே எடுக்கச் சொல்லி சித்தி கேமராவை என்னிடம் நீட்டினாள். காலியான தோல் உறை அவள் கழுத்தில் தொங்கியது. ஆனால் கேமராவுக்கு முன்னால் வந்ததும் ஊரையே கேலி செய்த சித்தி, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றாள். நான் "முடிஞ்சிருச்சு சித்தி" என்றேன். அவள் மூச்சை விட்டாள். தன் தந்திரம் தன் மேலேயே திரும்பியதை அந்தக் கணத்தில் கண்டுகொண்டு, என்னை நோக்கிக் கை நீட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் நான் பொத்தானை அழுத்தினேன்.

உடனே பெருமழை பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேர்வதற்குள் கேமரா தொப்பலாக நனைந்துவிட்டது. சித்தி அதைத் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டு, அடுப்பங்கரையில் பெரியம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போனாள். பெரியப்பாவுக்கு "ஸ்டோரு" பொறுப்பு. பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகுச் சூட்டில் காயவைக்கும் கட்டடத்துக்கு அங்கே அதுதான் பெயர். நனைந்தது எதுவானாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. மறுநாள் காலையில் ஒரு தட்டில் காய்களுக்கு நடுவே கேமராவையும் அதன் உறையையும் வைத்து, பிரசாதம் கொண்டுவருகிறவரைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஒரு சொட்டு ஈரம் இருக்கான்னு பாரு ராஜி" என்றார்.

கேமரா கை பொறுக்காத சூட்டில் இருந்தது. ஒட்டியிருந்த கறுப்புத் தோல் ஓரங்களில் சுருண்டிருந்தது. பிலிமை வெயிலில்கூட வைக்கக்கூடாது என்று எனக்கே சொல்லித் தந்திருந்த சித்தி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சூடு எவ்வளவு வைத்தீர்கள் மச்சான் என்று மெல்லக் கேட்டாள். காய்க்கு வைப்பதுதான் என்றார் அவர். விஷயம் புரிந்ததும் பெரியப்பா அன்று முழுக்கச் சாயா குடிக்கவில்லை. அவரை ஒரு வார்த்தை கடிந்து பேச யாருக்கும் மனம் வரவில்லை. இறங்கும் ஜீப்பில் சித்தி கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வந்தாள், அம்மா எந்தச் சேலை ஸ்டூடியோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்திருப்பாள். எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது.

ரோலில் பெரும்பாலும் போய்விட்டது. தேறிய கொஞ்சத்தில் சித்தியின் படம் இருந்தது, ஆனால் மலையின் பச்சை முழுவதும் செங்கல் நிறமாகியிருந்தது. அந்தச் செம்மைக்கு நடுவே ஆண் சட்டையும் தலைத்துண்டும் ரத்தம் வழிகிற காலுமாகச் சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள். போதாததற்கு, ஒரு மூலையில் வாழைப்பூ மடல் போல என்னவோ மங்கலாக மறைத்துக்கொண்டு நின்றது. அது என் விரல். இதை அனுப்பினால் நம்மைப் பைத்தியம் என்பார்கள் என்றாள் அம்மா. அப்பா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"கலருதான போயிருக்கு. ஆளு நல்லாத்தான வந்திருக்கு" என்றார். படம் தேவாரத்துக்குப் போனது.

பல நாட்கள் பதிலே இல்லை. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் விரலையும் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பதுதான் வழக்கம். அவரோ, சித்தி டம்ளரை நீட்டியதும், சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"இந்த ஓரத்துல தெரியிறது யாரு விரலு?"

நான் கதவுக்குப் பின்னால் கையை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டேன். அக்கா மகளுடையது என்ற சித்தி, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அதன் பிறகு செங்கல் நிறத்துக்குக் காரணம் கேட்டார்கள், ஸ்டோரு கதை வெளியே வந்தது, மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சித்தி சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள், கேமராவும் தன்னோடு வரும் என்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கொண்டாரட்டுமே. எங்க தோட்டத்துல ஆனை மிதிச்சிட்டுப் போறத எந்த ஆபீஸரும் நம்பமாட்டேங்குறாக. படம் புடிச்சிக் காட்டுனா நம்புவாகள்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்படித்தான் சித்தி தேவாரத்துக்குப் போனாள். ஆனை மிதித்த வாழைத்தோட்டத்தையும் எடுத்தாள், அதைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்ற மாமியாரையும் சொல்லாமல் எடுத்தாள். இரண்டும் அந்த வீட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. மாமியார் காலமான பிறகு மாலை போட வேறு படம் தேடியபோது, அவருடைய பிள்ளைகள் எல்லோரும் தலையில் கைவைத்து நிற்கும் அந்தப் படத்தையே காட்டினார்கள்.

தொலைபேசி பூத் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது. ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு நகம் கடித்துக் காத்திருப்பது என்றால் என் மகளுக்கு என்னவென்றே தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்களும் போய்விட்டார்கள். மலைக்குப் போகும் ஜீப்பில் பெண்களே போனை நீட்டித் தங்களை எடுத்துக்கொள்கிறார்கள், அதைப் பார்க்க எனக்கு நிறைவாகவே இருக்கிறது. போன மாதம் சித்தி, நான், மகள் மூவரும் குரங்கணிக்குப் போனோம். முழங்கால் வலியோடு பாதையோரக் கல்லில் உட்கார்ந்த சித்தியை மகள் போனில் எடுத்தாள். எடுத்ததைப் பார்த்துவிட்டு, "விரல் விழுந்திருச்சு, அழிச்சிட்டு வேற எடுக்குறேன் பாட்டி" என்றாள்.

சித்தி போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"அழிச்சிராத ஆத்தா. எடுத்தவுகளும் படத்துல இருக்கட்டும்" என்றாள்.

மகள் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, போனைப் பைக்குள் வைத்தாள்.