ஜாக்கியின் முதுகு

லாரி டயர் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாலிபத்தில் ஒருநாள் வண்டியைத் தூக்கும் ஜாக்கி பழுதாகிப்போக, ஒரு காரின் பின்பக்கத்தை முதுகு கொடுத்துத் தூக்கிப் பிடித்தாராம். அதற்குள் சக்கரத்தை மாற்றி முடித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அவருக்கு ஜாக்கி என்றே பெயர். ஐம்பத்தெட்டு வயதிலும் லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாக உருட்டி வருவார். லிவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். அதே கடையில் வேலை பார்த்த சொந்தத் தம்பிக்கே அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

அந்த முதுகுதான் வலிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்தார், மாத்திரை போட்டார், பெல்ட் கட்டினார். ஒருநாள் குனிந்தவர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, ஜாக்கி இறங்கிருச்சு போல!" என்றான் தம்பி. கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபோது இன்னும் வலித்தது.

மனைவி விடவில்லை. பிசியோதெரபி நிலையத்துக்குக் கையோடு கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண்ணுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். எங்கே வலி, எப்போது வலி, படுத்தால் குறைகிறதா.

"ராத்திரி யூரின் போக எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க? அடைப்பு, எரிச்சல், ரத்தம் ஏதாவது உண்டா?"

நாலு தடவை எழுந்துகொண்டிருந்தார். தண்ணீர் வராத குழாய்க்கு முன்னால் நிற்பதுபோல் நின்று, சொட்டுச் சொட்டாக முடித்துவிட்டு வருவார். இரண்டு முறை சிவப்பாகப் போனதைப் பார்த்து, உடம்புச் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதையெல்லாம் பக்கத்தில் மனைவியை வைத்துக்கொண்டு, மகள் வயதுப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. முதுகு மட்டுந்தான்."

அவள் தாளில் குறித்துக்கொண்டாள்.

சில உடற்பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். கூடவே சிவப்பு விளக்கு. பலகை நிறையச் சின்னச் சின்ன பல்புகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக் குப்புறப் படுக்கவேண்டும். "இது துணைக்குத்தான் ஐயா. சிலருக்கு வலி கொஞ்சம் குறையும், சிலருக்கு ஒண்ணும் தெரியாது. இதுவே வைத்தியம்னு நினைச்சிடாதீங்க. நாலு வாரத்துல சரியாகலன்னா டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துடணும்."

அவருக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பிடித்துப்போயிற்று. இளஞ்சூடு முதுகில் இறங்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வலி குறைந்த மாதிரியும் இருந்தது. கடைக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர், "அந்த லைட்டா? ஆம்பளைங்க சமாச்சாரம் அத்தனைக்கும் நல்லதாமே! போன்ல ஒரே வீடியோவா வருது" என்று கண்ணடித்தார். ஜாக்கி காதில் வாங்காதவர்போல் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை படுத்துக்கொண்டே கேட்டார். "இது அடிவயித்துக்கும் நல்லதாம்மா?"

"ஏன் ஐயா, அங்க ஏதாவது தொந்தரவா?"

"சேச்சே, சும்மா கேட்டேன்."

அந்த வாரமே கையில் பிடிக்கிற சின்ன சிவப்பு விளக்கு ஒன்றை வரவழைத்தார். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தினமும் அடிவயிற்றில் காட்டினார். நாலு வாரம் கழித்து அந்தப் பெண் ஸ்கேன் பேச்சை எடுத்ததும், பிசியோதெரபிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மனைவி கேட்டதற்கு, "வீட்லயே லைட் இருக்கே, அப்புறம் எதுக்கு அலையணும்?" என்றார்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு காலைப்பொழுது, சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தவருக்கு இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை. சக்கரம் ஒரு பக்கம் ஓடியது, அவர் ஒரு பக்கம் விழுந்தார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்தது. ப்ராஸ்டேட் புற்றுநோய். முதுகெலும்புக்குப் பரவி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"அந்த லைட்டாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"அதனால வரலம்மா. ஆனா அதை நம்பி நாளைக் கடத்திட்டாரு. கட்டி இருக்கிற இடத்துல இனிமே அதைக் காட்டவே கூடாது."

மனைவி அங்கே அழவில்லை. வார்டுக்கு வந்து கட்டிலோரம் நின்று, "முப்பது வருஷமா ஒரே பாய்ல படுத்திருக்கேன். என்கிட்டகூட சொல்ல முடியலையா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கதிர்வீச்சு கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். வலி அடங்கியது, கால்களுக்குப் பலம் முழுதாகத் திரும்பவில்லை. செய்தி தெரிந்து பிசியோதெரபிப் பெண் பார்க்க வந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா," என்றார் ஜாக்கி. "நீ சரியாத்தான் கேட்ட."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். "அம்மாவை வெளியில உட்காரச் சொல்லிட்டுக் கேட்டிருக்கணும் ஐயா. எனக்குத் தோணாமப் போச்சு."

அவள் போனபிறகு தம்பியை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி வந்து கட்டிலில் உட்காருமுன்பே கேட்டார். "ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது கஷ்டம் இருக்காடா?"

"இல்லண்ணே."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஜாக்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பழைய பலம் கொஞ்சம் மிச்சமிருந்தது. "என்னைப் பாருடா. நல்லாப் பாரு. நாளைக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வா. கொடுக்காம என் மூஞ்சில முழிக்காதே."

தம்பி முறைத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சோதனையில் அவனுக்கும் அதே நோய் இருப்பது தெரிந்தது. ஆனால் பரவவில்லை, அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்.

அதற்குப்பின் சில மாதம் அவனுக்குச் சிறுநீர் தானாகக் கசிந்தது. பேட் வாங்கவேண்டும். சக்கர நாற்காலியில் அண்ணனைத் தள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே இரண்டு பெண்கள் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். "அப்புறம் வரலாம்ணே" என்று முணுமுணுத்தான்.

ஜாக்கி கடைக்காரரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஏம்ப்பா, பெரியவங்க கட்டுற பேட் இருக்கா? இதோ இவனுக்குத்தான். ப்ராஸ்டேட் ஆபரேஷன். ரெண்டு பாக்கெட் போடு!"

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரும் ராத்திரியெல்லாம் எழுந்துட்டே இருக்காரு. எந்த டாக்டர்கிட்டங்க காட்டினீங்க?" என்று கேட்டாள்.

தம்பிதான் தரையைப் பார்த்தபடி டாக்டர் இருக்கும் இடத்தைச் சொன்னான்.

ஜாக்கி அதற்குப்பின் ஐந்து மாதம் இருந்தார். கடைசி மாதம் மிகவும் கஷ்டப்பட்டார். வலிமருந்தும் பலிக்காத நாட்கள் இருந்தன. மனைவி இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று ஒன்றுவிடாமல்.